கூரியர் டீ ஸ்டால்

அந்த போர்டப் பாத்துட்டுத்தான கேக்கீங்க? எல்லாரும் அதத்தான் சார் கேக்காங்க. வண்டிய விட்டு இறங்கி ஹெல்மெட்டக் கழத்துததுக்கு முன்னாடியே, இந்தப் பறவை எங்க அண்ணாச்சி நிக்குன்னு கேக்காங்க. உக்காருங்க. பெஞ்சு அந்தப் பக்கம் ஆடும், இந்தப் பக்கமா உக்காருங்க. கேமரா பைய கீழ வைக்காதீங்க, எறும்பு கெடக்கு.

அது செத்துப் போச்சு சார். ஆனி மாசக் கடைசியில. இப்ப நீங்க வந்திருக்கது கார்த்திகை. குளத்துல இப்பத்தான் தண்ணி ஏறுது, ஒரு பறவையும் வரல. மார்கழி பாதிக்கு மேலதான் ஒண்ணொண்ணா வரும். யாரோ உங்களுக்கு மாசத்தத் தப்பாச் சொல்லி அனுப்பிருக்காங்க. வந்ததுதான் வந்தீங்க, ஒரு டீயக் குடிச்சிட்டுப் போங்க. சீனி போடலாம்லா?

ஊருக்குள்ள போய் விசாரிச்சீங்கன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. கொம்பையா அப்படிப்பட்டவன், கொம்பையா இப்படிப்பட்டவன்னு. நாந்தான் கொம்பையா. அதனால நானே சொல்லிருதேன்.

எங்க ஊரப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. தீவாளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் உண்டு, வேட்டு கிடையாது. கோயில் கொடை விழாவுக்குக்கூட வேட்டு கிடையாதுன்னா பாத்துக்கோங்க. போர்டுல உள்ள கூழைக்கடா, நீங்க பெலிகன்ம்பீங்கல்லா, அது ஊருக்குள்ள மரத்துக்கு மரம் கூடு கட்டும். அது குஞ்சு பொரிச்சா ஒண்ணு ரெண்டு கீழ விழும். எந்த வீட்டு முத்தத்துல விழுதோ, அந்த வீடுதான் அதுக்குப் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரன் தொட மாட்டான். உங்க வீட்டுக்குப் பிள்ளை வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவான். றெக்கை மொளைச்சுப் பறக்குத வரைக்கும் மீன் குடுத்து வளக்கணும். ஆனியில கூட்டத்தோட அது கெளம்புத அன்னைக்கு அந்த வீட்டுல பாயசம் வச்சு தெருவுக்கே குடுக்கணும். பிள்ளையக் கட்டிக் குடுத்து அனுப்புத மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

எங்க முத்தத்து வேம்புல எட்டுக் கூடு. மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை, தொப்புன்னு ஒரு சத்தம். எம் மக சுபிதா, அஞ்சாப்பு படிக்கா, சோத்துத் தட்டத் தள்ளிட்டு ஓடுனா. திரும்பி வரும்போது பாவாடையில ஏந்திட்டு வாரா. தோலுரிச்ச கோழி மாதிரி இருந்துது சார் அது. பாக்கச் சகிக்காது. சவம், இது பொழைக்காதுட்டின்னேன். இவ என்னை ஒரு மொறை மொறைச்சா பாருங்க. அவ அம்மைக்கு அந்த மொறைப்பு வராது.

வனத்துறை வாட்சர் நயினார் அண்ணாச்சி வந்து பாத்தாரு. தெனக்கூலிதான் அவருக்கு, ஆனா ஊருல உள்ள குஞ்சு எல்லாம் அவரு நோட்டுல இருக்கும். சின்ன மீனா நறுக்கிக் குடு பாப்பா, ரொம்பப் பழக்கிராத, அது போக வேண்டியதுன்னாரு. "தெரியும் மாமா, வளத்து அனுப்பிருவேன்"னு இவ சொன்னா. அன்னைக்கே சொன்னா. நாந்தான் பிள்ளை பேச்சுன்னு விட்டுட்டேன்.

சித்திரைக்கெல்லாம் அது இவ இடுப்பு உசரத்துக்கு வந்துட்டு. கூரியர்னு பேரு வச்சதும் அவதான். கழுத்துக்குக் கீழ பை தொங்குதுல்லா, அதுவும் அசைஞ்சு அசைஞ்சு தெருத் தெருவா நடக்கும். "கூரியர் அண்ணன் பைய மாட்டிக்கிட்டு அட்ரஸ் தேடுத மாதிரியே இல்லாப்பா?"ன்னா. அதுவும் அந்தப் பேருக்குத் தகுந்த மாதிரிதான். கீழ கெடக்க எதையும் விடாது. செருப்பு, டீக் கரண்டி, முப்பிடாதியோட பீடித் தட்டுல இருந்து நூல் கண்டு. முப்பிடாதி எம் பொஞ்சாதி, வீட்டுல இருந்து பீடி சுத்துதா. எடுத்ததக் கொண்டு போய் சுபிதா முன்னால போடும். இவ "டெலிவரியா, எங்க கையெழுத்து?"ம்பா. அது அலகை நீட்டும். இவ வெரலால அதுமேல கையெழுத்துப் போடுவா. பொறவு ஒரு மீன் குடுப்பா. இது அவங்க ரெண்டு பேருக்குள்ள உள்ள ஏற்பாடு. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது.

இவ பள்ளிக்கூடம் போனா பின்னாலயே போகும். குளத்து மடை வரைக்கும் போயிட்டு, அங்கனயே நிக்கும், மத்தியானம் வரைக்கும். வீட்டுப் பாடத்த அதுக்குத்தான் வாசிச்சுக் காட்டுவா. எங்கிட்ட ஒரு வாய்ப்பாடு ஒழுங்காச் சொன்னது கிடையாது.

அப்பத்தான் உங்கள மாதிரி ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. மதுரையில இருந்து ஒரு பையன் வந்து ரெண்டையும் வீடியோ எடுத்துப் போட்டான். அவ்வளவுதான். சனி ஞாயிறுன்னா இந்த ரோட்டுல கார் நிறுத்த எடம் இருக்காது. ஒரு கேன் பாலு வாங்கிட்டு இருந்தவன் மூணு கேன் வாங்குனேன். கடைக்கு அதுவரைக்கும் பேரே கிடையாது. கூரியர் டீ ஸ்டால்னு இந்த போர்டு அடிச்சு மாட்டுனேன். என் மகளும் அதுல இருக்கா, பாருங்க, அந்த ஓரத்துல பாதி மூஞ்சி. போர்டுக்காரன் வெட்டிட்டான்.

கடைக்காக நான் எதுவும் செய்யல சார். அத இப்பவே சொல்லிருதேன்.

ஆனி பொறந்துது. குளம் வத்திப் போச்சு. பெரிய பறவை எல்லாம் காலையில மேல ஏறி வட்டம் போடுது. சுபிதா கூரியரக் கூட்டிக்கிட்டு சாயந்தரம் சாயந்தரம் கரைக்குப் போவா. துண்ட ரெண்டு கையிலயும் பிடிச்சு றெக்கை மாதிரி அடிச்சுக்கிட்டு, கரை மேல இருந்து பள்ளத்துக்கு ஓடுவா. அது பின்னாலயே ஓடும். ரெண்டும் உருண்டு விழும். எந்திரிச்சு மறுபடி ஓடும். முழங்காலு ரெண்டும் புண்ணு. ஒரு வாரம் கழிச்சு ஒரு நாளு, ஓடிட்டே இருந்தது அப்படியே மேல போயிட்டு சார். குளத்துக்கு நடுவுல நிக்குத கருவ மரம் வரைக்கும் போயி, ஒரு சுத்து சுத்தி, திரும்பி வந்து இவ காலடியில எறங்குச்சு. கரையில நின்ன சனமெல்லாம் கை தட்டுச்சு. நானும் தட்டுனேன்.

வீட்டுக்கு வந்து, "அப்பா, இன்னும் பத்து நாள்ல போயிரும். பாயசத்துக்கு சேமியா வாங்கி வைங்க"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா அன்னைக்கு ராத்திரி சரியாச் சாப்பிடல. சந்தோசத்துல வயிறு நெறைஞ்சு போச்சுன்னு முப்பிடாதி சொன்னா. எனக்கு மனசு கேக்கல. பிள்ளை உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டு வெளிய சிரிக்கான்னு எனக்குப் பட்டுது. பெத்தவனுக்குத் தெரியாதா சார்? அது போன பொறவு இவ என்ன ஆவா? யாருகூடப் பேசுவா?

அந்த ஞாயித்துக்கெழமை திருச்சியில இருந்து ஒரு வேன்ல இருவது பேரு வாரதா ஃபோன் பண்ணிருந்தாங்க. கூரியர் கண்டிப்பா இருக்கும்லான்னு கேட்டாங்க, இருக்கும்னேன். அது வேற விசயம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது.

செவ்வாக்கெழமை மத்தியானம். சுபிதா பள்ளிக்கூடத்துல. முப்பிடாதி பீடி குடுக்கப் போயிட்டா. இலை வெட்டுத கத்தரி தட்டுலதான் கெடந்துது. புறா வளக்கவன் செய்யுததுதான் சார், புதுசு இல்ல. ஒரு பக்கத்து றெக்கையில ஓரத்து இறகு ரெண்ட விட்டுட்டு, உள்ள இருக்கதுல ஏழெட்ட மட்டும் நறுக்கிட்டா போதும். மடக்கி வச்சிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. வலிக்காது, நம்ம நகம் வெட்டுத மாதிரி. அடுத்த வருசம் புதுசா மொளைச்சிரும். ஒரே ஒரு வருசம் கூட இருக்கட்டும்னுதான் நெனைச்சேன். நான் கூப்பிட்டா வராதுன்னேன்லா, அன்னைக்கு வந்துது. நான் றெக்கைய விரிச்சுப் பிடிச்சதும் அலகை என் தோளு மேல வச்சுக்கிட்டு அசையாம நின்னுது.

டீ ஆறுது சார், குடிங்க.

அன்னைக்கு சாயந்தரம் கரையில ஓடுனா. அது ஓடுச்சு, அடிச்சுது, ஒரு பக்கமாச் சாஞ்சு பள்ளத்துல உருண்டுது. மறுநாளும் அப்படித்தான். "நேத்து வரைக்கும் பறந்துதேப்பா, ஏம்ப்பா?"ன்னு எங்கிட்ட வந்து நிக்கா. வாயில வந்தது, "மீனப் போட்டுப் போட்டு நீ வெயிட்டாக்கிட்டட்டி. கொஞ்சம் கொறைச்சுப் பாரு"ன்னுட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. ரெண்டு நாள் பாத்துட்டு விட்டுருவான்னு நெனைச்சேன்.

அவ விடுதவளா? மீன பாதியாக் கொறைச்சா. கரையில உருண்டுது. கால்வாசியாக் கொறைச்சா. உருண்டுது. பொறவு சுத்தமா நிப்பாட்டிட்டா. மீன்காரர்ட்ட கெஞ்சி அவரு தொங்குத தராசுல அத சாக்குல போட்டு நிறுத்தா. நாலே முக்கால் கிலோ. கணக்கு நோட்டுக்குப் பின்னால தேதி போட்டு எழுதி வச்சிருக்கா.

அதுக்குப் பசி. அது என்ன பண்ணும்? அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். செருப்பக் கொண்டு வந்து இவ முன்னால போட்டுது. கரண்டியக் கொண்டு வந்து போட்டுது. கல்லு, கிழிஞ்ச பனியன், சோடா மூடின்னு கெடைச்சதையெல்லாம் கொண்டு வந்து போட்டுட்டு அலகை நீட்டிக்கிட்டு நிக்கும். இவ கையெழுத்துப் போடுவா. மீன் குடுக்க மாட்டா. "பறந்து காட்டு, ஒரு கூடை தாரேன்"ம்பா. சொல்லிட்டு உள்ள ஓடிப் போயி தலகாணியில மூஞ்சிய வச்சுக்குவா. அது பட்டினி கெடக்குன்னு இவளும் பாதிச் சோத்தோட எந்திரிச்சிருவா. எனக்கு அதப் பாக்க முடியல சார். கடைக்கு வந்து உக்காந்துருவேன்.

நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல. அவ பள்ளிக்கூடம் போன பொறவு நான் தெரியாம மீன் போட்டேன். ரெண்டு நாள் போட்டேன். அதுதான் வெனையாப் போச்சு. சாயந்தரம் நிறுத்துப் பாத்தா வெயிட்டு கொறையவே இல்ல. தெருவுல யாரோ மீன் போடுதாங்கன்னு கண்டுபிடிச்சிட்டா. ஆட்டுக் கொட்டில்ல அடைச்சுப் பூட்டி, சாவிய ஜாமெட்ரி பாக்ஸ்ல போட்டுக்கிட்டு பள்ளிக்கூடம் போயிட்டா. மேல பறவை கூட்டம் கூட்டமாப் போயிட்டு இருக்கு. இன்னும் நாலு நாளுதான்ப்பா இருக்கு, அதுக்குள்ள எளைச்சிரும்ங்கா.

பூட்ட ஒடைச்சிருக்கலாமேன்னு நெனைக்கீங்க. ஒடைச்சிருக்கலாம். ஏன் ஒடைச்சீங்கன்னு கேப்பால்லா, அப்ப என்ன சொல்ல?

ரெண்டு நாளு தெறக்கவே இல்ல. மூணாவது நாளு வெள்ளிக்கெழமை. தகரக் கூரை, வெயிலு. சாயந்தரம் வந்து அவதான் தெறந்தா. நான் இங்க கடையில நிக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு ரோட்டத் தாண்டி வாரா. தலை தொங்குது. எம் மக அழல சார். என் முன்னால வந்து நின்னு, "தூக்கிப் பாருங்கப்பா, வெயிட்டே இல்ல"ங்கா. "இப்பப் பறந்திருக்கும்லாப்பா? நாந்தான் ஒரு நாளு முந்தித் தெறந்திருக்கணும்"ங்கா.

நான் தூக்கிப் பாக்கல.

நயினார் அண்ணாச்சி வந்தாரு, நோட்டுல எழுதிட்டு அத எடுத்துட்டுப் போவணும்லா. குனிஞ்சு றெக்கைய விரிச்சுப் பாத்தாரு. அவருக்கு ஒரு நிமிசம் போதும். பாப்பா நிக்கான்னு தோள்ல கெடந்த துண்ட எடுத்துப் போட்டு மூடிட்டாரு. பொறவு கடைக்கு வந்து, "வேய், கத்தரி யாரு வீட்டுது?"ன்னாரு. நான் அடுப்பப் பாத்துக்கிட்டு நின்னேன். "உம்ம மேல கேசு எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆவாது. அந்தப் பிள்ளைக்காகத்தான் பாக்கேன். தை பொறக்கதுக்குள்ள நீரே அதுகிட்ட சொல்லிரும். இல்லேன்னா நான் சொல்லுவேன்"னாரு. அதுல இருந்து எங்கடையில டீ குடிக்கது இல்ல. என்னமோ அவருதான் பெத்தவரு மாதிரி.

வீட்டுல முப்பிடாதி கேக்கவே இல்ல. பீடி இலைக்கு நடுவுல வெள்ளைத் தூவி ரெண்டு மூணு கெடந்திருக்கு, அத எடுத்துப் பாத்தா, என்னையப் பாத்தா. மறுநாள் புதுக் கத்தரி ஒண்ணு வாங்கிட்டு வந்தா. பழச என்ன செஞ்சான்னு தெரியல. சோறு போடுதா, கொழம்பு ஊத்துதா, பேச்சு மட்டும் கிடையாது. அஞ்சு மாசம் ஆவுது. நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? எம் பிள்ளை அழக்கூடாதுன்னு செஞ்சேன். அத ஒருத்தனும் நெனைச்சுப் பாக்க மாட்டேங்கான்.

அதக்கூட விடுங்க. இந்தப் பிள்ளைதான் சார். கேமரா மாட்டிக்கிட்டு யாரு வந்தாலும் போய் நிக்கா. "சார், கூழைக்கடா எத்தனை நாள் பட்டினி கெடந்தா பறக்குத அளவுக்கு எளைக்கும்?" இதே கேள்வி. போன மாசம் ஒருத்தரு வெளையாட்டுன்னு நெனைச்சு, மூணு நாளும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு எண்ணுதா, எண்ணுதா, விடியுத வரைக்கும் எண்ணிருப்பா. இன்னொரு அம்மா வந்தவங்க, அப்படியெல்லாம் பண்ணக்கூடாது பாப்பா, பாவம்லான்னு சொல்லிட்டாங்க. அதுக்குப் பொறவு இவ மீனே திங்கது இல்ல.

போன வாரம் வேம்புக்குக் கீழ பெருக்கிக்கிட்டு இருந்தா. இந்த வருசமும் கூடு கட்டும், குஞ்சு ஏதாவது விழுந்தா நாம வளப்போம்ட்டின்னேன். சமாதானத்துக்குத்தான் சொன்னேன். வெளக்கமாத்தக் கீழ வச்சுட்டு, "நம்ம முத்தத்துல விழுந்தா எதுத்த வீட்டுக்குக் குடுத்திருங்கப்பா. நான் தொட மாட்டேன். என் கை ஆகாது"ன்னா. பத்து வயசுப் பிள்ளை சார். இந்த ஊருல இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது.

அதனாலதான் உங்கள உக்கார வச்சு இவ்வளவும் சொன்னேன். உங்களப் பாத்தா படிச்சவங்களாத் தெரியுது. கண்ணாடி போட்டிருக்கீங்க, இவ்வளவு பெரிய கேமரா வச்சிருக்கீங்க. நீங்க சொன்னா நம்புவா. அது ஒரு சீக்கு வந்து செத்துப் போச்சு, றெக்கைக்குள்ள வார சீக்கு, அதனாலதான் பறக்கல, பட்டினிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, உன் மேல ஒரு தப்பும் இல்லம்மான்னு சொல்லிருங்க. பேரு ஏதாவது இங்கிலீசுல சொல்லுங்க. ரெண்டு நிமிசம். டீக்குக் காசு வேண்டாம்.

நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாலும் என்ன கேக்கீங்கன்னு தெரியுது. நெசத்தச் சொல்லிர வேண்டியதுதானன்னு. சொல்லணும்னுதான் நானும் பாக்கேன். எத்தனை நாளு வாயத் தெறந்துட்டு மூடிருக்கேன் தெரியுமா? ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இப்ப அவ கோவம் பூரா அவ மேலதான் இருக்கு. சின்னப் பிள்ளை, அவ மேல உள்ள கோவம் வருசம் போனா மறந்துரும். எம்மேல வந்துட்டா மறக்குமா? இன்னும் ராத்திரி எம் பக்கத்துலதான் வந்து படுக்கா சார். எங்கைய எடுத்து அவ தலைக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் தூங்குதா. அந்தக் கைய நான் எப்படி...

சரி சரி, பள்ளிக்கூடம் விட்டாச்சு. அதோ வாரா, பச்சை ரிப்பன். கேமராவக் கண்டுட்டா, நடை வேகமாயிட்டு பாருங்க.

வாட்டி, வா. பைய எறக்கி வை. இவங்க யாரு தெரியுமா? பறவை டாக்டரு. திருநெல்வேலியில பெரிய ஆசுபத்திரி. உனக்காகத்தான் சார நிப்பாட்டி வச்சிருக்கேன். கேளு, நீ எல்லார்ட்டயும் கேப்பியே, அதக் கேளு. சொல்லுவாங்க.

சொல்லுங்க சார். பிள்ளை கேக்குல்லா? என்னைய ஏன் பாக்கீங்க, அவளப் பாத்துச் சொல்லுங்க.